உணவுத் திட்டமும் மாற்றுணவும்

நீரிழிவு கண்ட ஒருவரை நோக்கி, "இரவில் என்ன உண்கின்றீர்கள்?" என்று வினவினால், யாழ்ப்பாணத்திற் பெரும்பாலும் கிடைக்கும் மறுமொழி, "சோற்றை விட்டுவிட்டேன், இப்பொழுது புட்டுத்தான்" என்பதாகும். இதனைச் சொல்வோர் குரலில் ஒருவகைப் பெருமிதமும் காணப்படும். பல்லாண்டு பழகிய சோற்றைத் துறத்தல் எளிதன்று. ஆதலின் அப்பெருமிதம் நியாயமானதே. ஆனால், புட்டு என்பது யாது? அரிசி மாவோ, கோதுமை மாவோ, குரக்கன் மாவோ நீராவியில் அவிந்து, தேங்காய்ப்பூவுடன் கூடி வருவதே புட்டு. நூறு கிராம் அரிசியில் ஏறக்குறைய 78 கிராம் மாச்சத்து உண்டு. நூறு கிராம் கோதுமை மாவில் 75 கிராமளவில் உண்டு. குரக்கனில் 70 கிராமளவில் உண்டு. சோறு போய்ப் புட்டு வந்த இடத்திற் பெயர் மாறிற்று, வடிவம் மாறிற்று, உடலினுட் சென்று சர்க்கரையாகும் பொருள் பெரிதும் மாறவில்லை. தேங்காய்ப்பூவாற் கொழுப்பு ஒருபடி கூடியும் விட்டது.

இத்தகைய பெயர் மாற்றங்களை மாற்றுணவு என்று நம்பி ஏமாறுவோர் தொகை சிறிதன்று. இலங்கையில் 2005, 2006 ஆம் ஆண்டுகளில் நடந்த ஆய்வொன்று, இருபது வயதும் அதற்கு மேலும் ஆனோருள் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேற்பட்டோர் நீரிழிவுடையோர் எனக் கண்டது. போர்ச் சூழலால் வடக்கும் கிழக்கும் அவ்வாய்வில் இடம்பெறவில்லை. எனினும், நம் கல்லூரிகளின் ஆசிரியர் அறையொன்றில் மதிய உணவு வேளையிற் சிறிது நேரம் அமர்ந்திருப்போர், இங்கு நிலைமை வேறு என்று சொல்லத் துணியார். மாத்திரைக்கு அடுத்தபடியாக வைத்தியர் தரும் மருந்து உணவுத் திட்டமே. அத்திட்டம் அச்சிட்ட தாளாய் வீட்டுக்கு வந்து, சமையலறைச் சுவரில் ஒரு திங்கள் தொங்கி, பின்பு மறக்கப்படுகின்றது. அவ்வாறு மறக்கப்படுவதற்கு மனவுறுதிக் குறைவே காரணம் என்பர் பலர். எமக்கு அது முழுதும் உண்மையாகத் தோன்றவில்லை. தாளிற் கண்ட பண்டம் சந்தையில் இல்லாத நாளில், அல்லது அதனை வாங்கக் கையிற் பணமில்லாத நாளில், அதன் இடத்தில் எதனை எவ்வளவு வைப்பது என்பதைப் பெரும்பாலான தாள்கள் சொல்வதில்லை. மாற்று அறியாத திட்டம் முதல் இடையூற்றிலேயே முறிந்து போகும்.

இக்குறையைத் தீர்க்க எழுந்த முறையொன்று உண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டில் உணவியலாளர் சங்கமும் நீரிழிவுச் சங்கமும் அரசாங்கப் பொதுச் சுகாதாரச் சேவையும் ஒன்றுகூடி, 1950 ஆம் ஆண்டில் மாற்றுப் பட்டியல்கள் சிலவற்றை வெளியிட்டன. அவர்கள் உணவுப் பண்டங்களை ஆறு குழுக்களாக வகுத்தனர்: பால், மரக்கறி, பழம், பாண் முதலிய மாப்பண்டங்கள், இறைச்சியும் அதனை ஒத்தனவும், கொழுப்பு என்பன அவை. ஒவ்வொரு குழுவிலும் ஒரு பங்கு என்பது எவ்வளவு என்று அளவு குறித்தனர். ஒரு குழுவிற்குள் ஒரு பங்கை அக்குழுவின் வேறொரு பங்கால் மாற்றலாம். ஒரு குழுப் பண்டத்தை மற்றொரு குழுப் பண்டத்தால் மாற்றுதல் ஆகாது. முறை முழுவதும் இவ்வளவே. நாணயம் மாற்றுவோன், ஐந்து ரூபாவுக்கு ஐந்து ஒற்றை ரூபாக்களைத் தருவது போன்றது இது. எத்தனை நாணயம் என்பதன்று, எவ்வளவு பெறுமதி என்பதே அங்குக் கணக்கு. இலங்கைச் சுகாதார அமைச்சின் உணவு வழிகாட்டியும் நம் நாட்டுப் பண்டங்களை ஆறு குழுக்களாகவே வகுத்துக் காட்டுகின்றது. ஆயின் அங்கே பருப்பு வகை மீன், முட்டையோடும், தேங்காய் எண்ணெய் வித்துக்களோடும் வைக்கப்பட்டிருத்தல் நமக்கு இன்னும் ஏற்றது.

மாப்பண்டத்தில் ஒரு பங்கு என்பது 15 கிராம் மாச்சத்துத் தரும் அளவு. இதனை நம் வீட்டுப் பண்டங்களில் வைத்துப் பார்ப்போம். வெந்த சோறாயின் கோப்பையில் மூன்றிலொன்று, அதாவது 50 கிராமுக்குச் சற்று மேல், ஒரு பங்கு. உலர்ந்த மாவாயின் எத்தானியத்து மாவாயினும் ஏறக்குறைய 20 கிராம் ஒரு பங்கு. ஆகவே ஒருவருக்கென்று நூறு கிராம் மாவெடுத்துப் புட்டவித்தால் அங்கே ஐந்து பங்கு இருக்கின்றது. மரவள்ளிக் கிழங்கில் 40 கிராம் ஒரு பங்கு. உருளைக்கிழங்கில் நீர் மிகுதியாதலால் 80 முதல் 90 கிராம் வரை ஒரு பங்கு. பாணைப் பற்றிச் சொல்லுமிடத்து, நம்மவர் துண்டுக் கணக்கிலன்றி இறாத்தற் கணக்கிலேயே பேசுவர். ஓர் இறாத்தற் பாண் 450 கிராம். அதிற் பாதியளவு மாச்சத்து. எனவே கால் இறாத்தற் பாண் ஏறத்தாழ நான்கு பங்கு. அரை இறாத்தல் ஏழரைப் பங்கு. "காய்ச்சலுக்குப் பாண்" என்று பழகிய நாம், பாணை ஏதோ இலேசான உணவென்று எண்ணுகின்றோம். அரை இறாத்தற் பாணை உண்டவர், இரண்டரைக் கோப்பைச் சோற்றை உண்டவர்க்குச் சமமானவர்.

கறியென்று தட்டில் வரும் மாப்பண்டங்களும் இவ்விடத்திற் கவனிக்கத்தக்கன. உருளைக்கிழங்குக் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், பலாக்கொட்டைக் கறி, இராசவள்ளிக் களி என்பன மரக்கறிக் கடையில் விற்கப்படினும் கணக்கிற் சோற்றின் பக்கத்தைச் சார்ந்தவை. சோற்றோடு உருளைக்கிழங்கை மட்டும் கறியாகக் கொள்பவர், சோற்றுக்குச் சோற்றையே கறியாகக் கொள்பவராவார். ஒடியலும் அவ்வாறே. பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்து இடித்த ஒடியல் மாவிற் பெரும்பகுதி மாச்சத்தே. ஒடியற் கூழ் நல்லுணவு எனப் பெயர் பெற்றதற்கு ஒடியல் மா மட்டும் காரணமன்று. அதனுட் சேரும் மீனும் நண்டும் இறாலும் பயற்றங்காயும் முருங்கையிலையும் பெருங்காரணம். ஒரு பானைக்குள் மூன்று குழுக்களையும் சேர்த்த அறிவு அது. மீனின்றி, இலையின்றி, மாவும் புளியும் மிளகாயும் மட்டும் கரைத்த கூழுக்கு அப்பெயர் பொருந்தாது.

இனி, ஒரே குழுவைச் சேர்ந்தன யாவும் எல்லா வகையாலும் ஒன்றோ எனின், அன்று. மாச்சத்திற் சமமானவை பிறவற்றில் வேறுபடும். குரக்கனை எடுத்துக் கொள்வோம். நூறு கிராம் குரக்கனில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கல்சியம் உண்டு. தீட்டிய அரிசியில் அது பத்து மில்லிகிராமளவே. நார்ப்பொருளும் குரக்கனில் மிகுதி. ஆகவே அரிசி மாவுக்குப் பதிலாக அதே அளவு குரக்கன் மாவைக் கொள்வது நல்ல மாற்றே. அளவை இரட்டித்து, "குரக்கன்தானே, உண்ணலாம்" என்பது மாற்றன்று. தானியம் எவ்வளவு நுண்ணிதாக அரைக்கப்படுகின்றதோ அவ்வளவு விரைவிற் செரித்து இரத்தத்திற் சர்க்கரையாகச் சேரும் என்பதும் நினைவிருத்தற்குரியது. ஒரே அளவு மாச்சத்துடைய உணவுகள் இரத்தச் சர்க்கரையை ஒரே வேகத்தில் உயர்த்துவதில்லை என்பதை, 1981 ஆம் ஆண்டில் ரொறன்ரோ நகரில் ஜெங்கின்ஸ் என்பாரும் அவருடன் பணியாற்றியோரும் அளந்து காட்டினர். முழுத்தானியமாய் வேகவைத்த சாமைச் சோற்றுக்கும், மாவாய் அரைத்துக் களியாக்கிய குரக்கனுக்கும் இவ்வகையில் வேற்றுமை உண்டு.

தீட்டிய அரிசியின் கதையையும் இங்கு ஒருசிறிது சொல்லுதல் பொருந்தும். பத்தாவியாவில், 1890 களில், ஐக்மன் என்னும் ஒல்லாந்த வைத்தியர், பெரிபெரி நோயை ஆராய்ந்து கொண்டிருந்தார். அவருடைய ஆய்வுகூடக் கோழிகள் திடீரெனக் கால் தளர்ந்து வீழ்ந்தன. பின்பு தாமாகவே குணமடைந்தன. இராணுவ வைத்தியசாலையில் மிஞ்சிய வெள்ளைச் சோறு கோழிகளுக்கு இடப்பட்ட காலத்தில் நோய் வந்ததும், புதிதாக வந்த சமையற்காரன் அச்சோற்றைத் தர மறுத்ததனாற் சாதாரண அரிசி இடப்பட்ட காலத்தில் நோய் நீங்கியதும் பின்னர் தெரிய வந்தன. தவிட்டோடு போனது உயிர்ச்சத்து பீ ஒன்று என்பது காலப்போக்கிற் புலனாயிற்று. 1929 இல் அவருக்கு நோபல் பரிசிற் பங்கு கிடைத்தது. அரிசிக்கு அரிசி மாற்றிய இடத்திலும் இழப்பு இவ்வாறு நேரலாம். நம்மவர் நெல்லைப் புழுக்கிப் பின் குற்றும் வழக்கமுடையோராதலின், அவ்வுயிர்ச்சத்தில் ஒருபகுதி மணியின் உள்ளே சென்று காக்கப்பட்டது. மொட்டைக்கறுப்பன் போன்ற சிவந்த அரிசியைத் தவிட்டோடு உண்டவர்க்கு அது இன்னும் மிகுதியாய்க் கிடைத்தது. வெண்மையே உயர்வென்று எண்ணித் தீட்டிய பச்சையரிசிக்கு மாறியவர் பணத்தைக் கூட்டிக் கொடுத்துச் சத்தைக் குறைத்து வாங்கினர்.

மாற்றுணவை நாமாக விரும்பித் தேடும் காலங்களிலும், அது நம்மேற் சுமத்தப்படும் காலங்களே நம் நாட்டிற் பலவாயின. யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அரிசி வரவு நின்று, 1942 ஆம் ஆண்டில் இலங்கையில் அரிசிப் பங்கீடு வந்தது. அரிசிக்கு மாற்றாகக் கோதுமை மா வழங்கப்பட்டது. போர் முடிந்தது, கோதுமை மா போகவில்லை. திருகோணமலையில் 1980 இல் மாபெரும் ஆலையொன்று இயங்கத் தொடங்கிய பின்பு அது மூலை முடுக்கெங்கும் சென்றது. நம் நிலத்தில் விளையாத ஒரு தானியம், இரு தலைமுறைக்குள் நம் காலையுணவாயிற்று. பின்பு 2022 ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணி வற்றியபொழுது மா விலை ஏறி, பாணின் விலை இரு மடங்கைக் கடந்தது; மக்கள் மரவள்ளிக்குத் திரும்பினர். கொல்லையில் நாட்டிய தடி பலரைக் காத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அம்மாற்றிற் கவனியாது விட்ட ஓர் இழப்பு உண்டு. ஐந்து பங்கு கோதுமை மாவிற் பதினொரு கிராமளவு புரதமும், ஐந்து பங்கு அரிசியில் ஆறேழு கிராம் புரதமும் உண்டு. ஐந்து பங்கு மரவள்ளியில் இரண்டு கிராமுக்கு மேலில்லை. பெரியோர் ஒருவேளை இதனைத் தாங்குவர். வளரும் பிள்ளைக்கு நாடோறும் இருவேளை மரவள்ளியும் சம்பலும் மட்டும் கொடுத்தால், வயிறு நிறைந்திருக்க உடல் மெலியும். மரவள்ளியோடு மீன் கறியை வைத்த பழைய வழக்கத்தின் காரணம் இதுவாகலாம். கிழங்கை நன்கு தோல் நீக்கி, மூடாத பாத்திரத்தில் நிறைந்த நீரில் அவித்து, அந்நீரை ஊற்றிவிடுதல் வேண்டும் என்பதும், அதன் நச்சுப்பொருள் அவ்வழியே நீங்கும் என்பதும் பலரும் அறிந்தனவே.

புரதக் குழுவில் நேரும் பிழை வேறு வகையினது. அது பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில் நேருவது. கிழமையில் ஐந்தாறு நாள் மீன் உண்ணும் வீட்டில், வெள்ளியன்றும் விரத நாட்களிலும் மீன் நீங்குகின்றது. அவ்விடத்தில் எது வருகின்றது? உருளைக்கிழங்குப் பிரட்டல், கத்தரிக்காய்ப் பொரியல், வாழைக்காய், வடகம், அப்பளம், மோர்மிளகாய் என்பன வருகின்றன. இலை நிறைந்து விடுகின்றது, நாவும் நிறைவடைகின்றது. ஆயின் மீன் தந்த புரதத்தை இவற்றுள் எதுவும் தருவதில்லை. கந்தசஷ்டி போன்ற பல நாள் விரதங்களில் இக்குறை தொடர்ந்து நிற்கும். விரதத்தின் நோக்கம் வேறு, அதனை நாம் குறைகூற வரவில்லை. மரக்கறியுணவு குறைவான உணவு என்பதும் நம் கருத்தன்று. ஆண்டு முழுவதும் மரக்கறியே உண்ணும் குடும்பங்கள் பருப்பையும் பயற்றையும் உழுந்தையும் கடலையையும் மோரையும் தக்கவாறு அமைத்து நலமாய் வாழ்கின்றன. இடர் ஒருநாள் மரக்கறியாளர்க்கே. அவர்கள் மீனை எடுத்துவிடுகின்றனர்; அதன் இடத்தை நிரப்ப அறியார்.

இக்குழுவில் ஒரு பங்கு ஏழு கிராம் புரதம். ஒரு முட்டை ஒரு பங்கு. சமைத்த மீனில் 30 கிராம் ஒரு பங்கு. அவித்த பருப்பு அல்லது பயறு அரைக் கோப்பை ஒரு பங்கு. ஆனால் பருப்புக்கு இரட்டைக் கணக்கு உண்டு. அது புரதத்தில் ஒரு பங்கைத் தரும்பொழுதே மாச்சத்திலும் ஒரு பங்கைத் தந்துவிடுகின்றது. நூறு கிராம் பச்சை மீன் தரும் இருபது கிராம் புரதத்தைப் பருப்பாற் பெறுவதாயின், எண்பது கிராமுக்கு மேலான உலர்ந்த பருப்பு வேண்டும். அதனோடு ஐம்பது கிராமளவு மாச்சத்தும் வந்து சேரும். எனவே வெள்ளிக்கிழமையிற் பருப்பைக் கூட்டுபவர், அன்று சோற்றில் ஒரு கோப்பையைக் குறைத்தல் வேண்டும். குறைத்தால் மாற்று நிறைவானது. குறையாது பருப்பை மட்டும் கூட்டினால் நீரிழிவாளர்க்கு வெள்ளிக்கிழமை மற்ற நாட்களிலும் இடரானதாகும். இவ்விரட்டைக் கணக்கு வேண்டாதோர்க்குச் சோயா உண்டைகள் உதவும். கொழுப்பு நீக்கிய அவ்வுண்டைகளின் உலர்ந்த எடையிற் பாதியளவு புரதமாதலின், நாற்பது கிராம் போதும். தானியப் புரதத்திற் குறைவாயுள்ள லைசின் என்னும் கூறு பருப்பில் மிகுதி. பருப்பிற் குறைந்த வேறொன்று தானியத்தில் உண்டு. தோசையில் அரிசியையும் உழுந்தையும் சேர்த்தவர் இதனை வேதியியலாற் கண்டவரல்லர். எனினும் கணக்குச் சரியாகவே இருக்கின்றது. உயிர்ச்சத்து பீ பன்னிரண்டு மட்டும் தாவர உணவிற் கிடையாது. ஆதலாற் பாலையும் தயிரையும்கூட விலக்குவோர் அதற்கு வேறு வழி தேடல் வேண்டும்.

மீனுக்குக் கருவாடு மாற்றாகுமா எனின், புரதத்தால் ஆகும், உப்பால் ஆகாது. ஒருநாளைக்கு ஐந்து கிராமுக்குட்பட்ட உப்பே போதும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கருவாட்டுக் குழம்பு ஒருவேளையிலேயே அதிற் பெரும்பங்கைத் தந்துவிடக் கூடும். இரத்த அழுத்தமுடையோர் கருவாட்டை ஊறவைத்துக் கழுவிச் சிறிதளவு கொள்வதே தகும்.

பாலின் இடத்திற் பெயரே நம்மை ஏமாற்றுகின்றது. தேங்காய்ப்பாலுக்குப் பால் என்று பெயரிட்டோர் நிறத்தைக் கண்டே இட்டனர். பசுப்பால் நூறு மில்லிலீற்றரில் 120 மில்லிகிராமளவு கல்சியமும் மூன்று கிராமுக்கு மேற்பட்ட புரதமும் உண்டு. தேங்காய்ப்பாலிற் கொழுப்பு மிகுதி; கல்சியம் மிகச் சிறிது. ஆகவே சொதி கொழுப்புக் குழுவைச் சேர்ந்தது. "பிள்ளை பால் குடிப்பதில்லை, ஆனால் சொதி நன்றாய் விட்டுச் சாப்பிடும்" என்னும் தாய் தன் மனத்தை மட்டுமே ஆற்றிக்கொள்கின்றாள். பால்மா இட்ட தேநீரும் இத்தகையதே. ஒரு குவளைப் பாலுக்கு 25 முதல் 30 கிராம் வரை பால்மா வேண்டும். தேநீரிற் சேர்வது ஒன்றிரண்டு கரண்டி. பால்மா விலையேறிய வீடுகளில் இவ்விழப்பை ஒருவாறு ஈடுசெய்ய வல்லன குரக்கன், எள்ளு, முள்ளோடு உண்ணும் நெத்தலி, முருங்கையிலை என்பன. அறுபது கிராம் குரக்கன் மா, ஏறத்தாழ முக்காற் குவளைப் பாலின் கல்சியத்தை உடையது. அதிலுள்ள வேறு சில பொருள்கள் கல்சியத்தை உடல் ஏற்பதைத் தடுப்பதால், பாலிற்போல அத்தனையும் பயன்படாது. ஆயினும் வெறுந் தேநீரைவிடப் பன்மடங்கு மேலானது. வேலியில் நிற்கும் முருங்கையை இலைக்காக ஒடிப்பார் குறைந்து, காய்க்காக மட்டும் வளர்ப்பார் மிகுந்தமை வருந்தத்தக்கது.

இனிப்புப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சீனியை விட்டுப் பனங்கட்டிக்கு மாறியவர், சர்க்கரையை விட்டுச் சர்க்கரைக்கே மாறியவர். பனங்கட்டியில் உள்ள கனிப்பொருள்கள் சிறிதளவே. அவற்றுக்காக அதனை உண்பது, முத்துக்காகக் கடலைக் குடிப்பது போலாகும். 1990 களில், பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், யாம் மாணவராயிருந்தபொழுது, ஒரு சிறு பனங்கட்டித் துண்டைக் கையில் வைத்துக் கடித்துக்கொண்டு வெறுந் தேநீரைப் பருகினோம். அப்பழக்கம் சீனியைக் குறைத்தது உண்மை. அது பனங்கட்டியின் குணத்தாலன்று. ஒரு துண்டை ஒரு கோப்பைக்குப் போதுமாக்கிய வறுமையால். இன்று நாளொன்றுக்கு நான்கு தேநீர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டிச் சீனி எனக் கொள்வோர் அதனாலேயே 32 கிராம் சர்க்கரையைப் பெறுகின்றனர். மொத்தச் சக்தியில் நூற்றுக்கு ஐந்துக்குள் அடங்குவதே மிக நன்று என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015 இற் கூறிற்று. 1,700 கலோரி உண்போர்க்கு அது ஏறத்தாழ 21 கிராம்.

இவற்றையெல்லாம் ஒருநாள் உணவில் அமைத்துப் பார்ப்போம். நடுத்தர வயதுடைய, பெரிய உடலுழைப்பில்லாத, சற்று எடை குறைய வேண்டிய ஆசிரியர் ஒருவருக்கு 1,700 கலோரியளவான திட்டம் தரப்பட்டது என்க. அதில் மாப்பண்டம் பத்துப் பங்கு, புரதம் ஆறு பங்கு, மரக்கறி நான்கு, பழம் இரண்டு, பால் ஒரு குவளை, கொழுப்பு ஐந்து பங்கு அமையலாம். காலையில் 60 கிராம் மாவில் அவித்த இடியப்பம், சிறிது சொதி, ஒரு முட்டை. மதியம் ஒரு கோப்பைச் சோறு, அரைக் கோப்பைப் பருப்பு, இரண்டு பங்கு மீன், முருங்கையிலை வறை, இன்னொரு மரக்கறி. மாலையில் ஒரு பழம்; கறுத்தக்கொழும்பான் காலமாயின் நூறு கிராம் மாம்பழச் சதை. இரவு 60 கிராம் குரக்கன் மாவிற் புட்டு, முப்பது கிராம் தேங்காய்ப்பூ உட்பட, மீன் கறி இரு பங்கு, கீரை. பாலும் மற்றப் பழமும் அவரவர் வசதிப்படி.

மார்கழியில் வாடைக்காற்று வீசிக் கடல் கொந்தளிக்கின்றது. மீன் இல்லை, இருப்பதும் எட்டாத விலை. அன்று மதியத்து இரு பங்கு மீனின் இடத்தில் இன்னும் ஒரு கோப்பைப் பயறோ கௌபியோ வந்தால், சோற்றில் மூன்றில் இரு பங்கு குறைந்து மூன்றிலொரு கோப்பையே நிற்கும். தட்டைப் பார்ப்பவர்க்கு அது விந்தையாகத் தோன்றும். கணக்குப் பார்ப்பவர்க்கு முன்னைய நாளும் அந்நாளும் ஒன்றே. இரவிலே திருமண வீட்டுக்குச் செல்ல நேர்ந்து, அங்குச் சோறே கிடைக்குமாயின் சோற்றையே உண்ணலாம். மூன்று பங்குக்கு ஒரு கோப்பை. சோற்றைக் கண்டு அஞ்சி ஒதுங்கி, இரண்டு வடையும் ஒரு கிண்ணம் பாயாசமும் உண்டு எழுவதிலும் அது நன்று. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம், பெயருக்கு மாறாக, மருந்தைப் பற்றிச் சொல்வது சிறிது. உண்ணும் அளவைப் பற்றியும் காலத்தைப் பற்றியும் சொல்வதே பெரிது.

ஓட்ஸ் என்னும் இறக்குமதிக் கஞ்சியைப் பற்றி அடிக்கடி வினவுகின்றனர். அது நல்ல தானியமே. ஆயின் அதன் விலையைக் கொடுத்துத்தான் நலம் பெறவேண்டும் என்பதில்லை. சாமை, குரக்கன், தவிட்டோடு கூடிய அரிசிக் கஞ்சி ஆகியன அதே குழுவிலேயே இருக்கின்றன. திட்டம் நிலைப்பதற்கு வருமானத்தோடு பொருந்துதல் முதற்றகுதி.

இனி ஒன்றைத் தயங்காது சொல்லுதல் வேண்டும். நம் வீடுகளில் நீரிழிவு கண்ட ஆடவர்க்குத் தனிப்பானை வைக்கப்படுகின்றது. அதே நோய் கண்ட பெண், வீட்டார் உண்டு மிஞ்சியதை, மிஞ்சிய நேரத்தில், மிஞ்சிய அளவில் உண்கின்றாள். அவளுக்குத் திட்டம் எழுதிய தாளும் ஒரு பெட்டிக்குள் இருக்கும். இரு பானை வைத்தல் எவ்வீட்டிலும் நீடிப்பதில்லை. குரக்கனும் கீரையும் பருப்பும் மீனும் நோயில்லாதவர்க்கும் ஏற்றவையே ஆதலின், ஒரே பானையிற் சமைத்து, அகப்பையின் அளவை மட்டும் ஆளுக்கேற்ப வேறுபடுத்துதல் எளிது. பிள்ளைக்குக் கூடுதல் சோறு, தந்தைக்குக் கூடுதல் கீரை, தாய்க்கு அவளுக்குரிய மீன்.

இன்சுலின் ஏற்றுவோரும் சிலவகை மாத்திரை உண்போரும் மாப்பண்டத்தை வைத்தியருக்கு அறிவியாது திடீரெனக் குறைத்தல் ஆகாது. சர்க்கரை மிகத் தாழ்ந்து மயக்கம் வரலாம். சிறுநீரகம் தளர்ந்தோர்க்கு இங்குக் கூறிய கணக்குப் பொருந்தாது. கீரை, பருப்பு, பழம் ஆகியவற்றிலுள்ள பொற்றாசியம் அவர்க்குத் தீங்காகக் கூடும். உப்புக்கு மாற்றென விற்கப்படும் உப்புக்களிலும் பொற்றாசியமே உண்டு என்பதை அவர்கள் அறிந்திருத்தல் நன்று. கருவுற்றோரும் சிறுவரும் தமக்குரிய திட்டத்தைத் தனியே பெறுதல் வேண்டும்.

அளப்பதற்குத் தராசு இல்லையே என்பார்க்கு: ஒவ்வொரு வீட்டிலும் அரிசி அளக்கும் பால்ப்பேணி ஒன்று உண்டு. தலைதட்டிய ஒரு பேணி அரிசி ஏறக்குறைய 250 கிராம். அதிற் பதின்மூன்று பங்கு இருக்கின்றது. நால்வருக்கு ஒன்றரைப் பேணி அரிசி உலையிலிட்டால் ஆளுக்கு ஐந்து பங்கு வரும் என்பதை, சோறு தட்டுக்கு வருமுன்பே அறிந்துகொள்ளலாம். மா அரிசியிலும் இலேசானது. வறுத்த மாவும் வறுக்காத மாவும் ஒரே எடை கொள்வதில்லை. ஆகவே வீட்டுப் பேணியை ஒருநாள் கடைக்குக் கொண்டு சென்று, அரிசிக்கு ஒருமுறையும், குரக்கன் மாவுக்கு ஒருமுறையும், கோதுமை மாவுக்கு ஒருமுறையுமாக நிறுத்து, அவ்வெடைகளைப் பேணியின் வெளிப்புறத்திற் கீறி வைத்துக்கொண்டால், சுவரிலே தொங்கும் தாளுக்கும் அடுப்பிலே ஏறும் பானைக்கும் இடையிலுள்ள கணக்கு அன்றே முடிந்துவிடும்.